உங்கள் அக்கவுண்ட்டில் கடைசியாக நுழைந்தது யார்?

கம்ப்யூட்டரில் ஜிமெயில் தளத்தைத் திறந்து, இன்பாக்ஸில் மெயில் பட்டியல் முடியும் இடத்திற்குச் செல்லுங்கள். வலது மூலையில், இந்த அக்கவுண்ட் கடைசியாக எத்தனை நிமிடங்களுக்கு முன் பயன்படுத்தப்பட்டது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதன் கீழே ‘டீடெய்ல்ஸ்’ என்று ஒரு லிங்க். பல ஆண்டுகளாக ஜிமெயில் வைத்திருப்பவர்களில் பலர் இந்த லிங்க்கில் ஒருமுறைகூட கிளிக் செய்திருக்க மாட்டார்கள். போனில் மட்டுமே மெயில் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படவே வாய்ப்பில்லை.

கிளிக் செய்தால் ஒரு சிறிய விண்டோ திறக்கும். உங்கள் அக்கவுண்ட் கடைசிப் பத்து முறை எந்த வழியாகத் திறக்கப்பட்டது (பிரவுசரா, மொபைலா, ஐமேப் அல்லது பாப்3 மூலமா), எந்தப் பகுதியிலிருந்து, எந்த ஐ.பி. முகவரியிலிருந்து, எந்த நேரத்தில் என்று ஓர் அட்டவணை அதில் கிடைக்கும். இதைத்தான் லாக் இன் ஹிஸ்டரி என்கிறோம்.

இதனை பிரவுசர் ஹிஸ்டரியுடன் குழப்பிக் கொள்ள வேண்டாம். பிரவுசர் ஹிஸ்டரி உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வேண்டாம் என்றால் இரண்டு கிளிக்குகளில் அழித்துவிடலாம். லாக் இன் ஹிஸ்டரி அந்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. அதில் ஒரு வரியைக்கூட உங்களால் அழிக்க முடியாது. எழுதுவது அவர்கள், வைத்திருப்பது அவர்கள். அதில் ஒரு பகுதியை உங்களுக்குக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

இந்த யோசனை புதிதல்ல. யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்ட் கொடுத்து நுழைந்தவுடன், ‘நீங்கள் கடைசியாக இன்ன நாளில், இன்ன நேரத்தில், இந்த இடத்திலிருந்து நுழைந்தீர்கள்’ என்று ஒரு வரி வரும். லினக்ஸ் சர்வர்களில் வேலை பார்க்கும் என் போன்றவர்கள் இன்றும் தினமும் அதைப் பார்க்கிறோம். நேற்று இரவு நாம் தூங்கிக் கொண்டிருந்த நேரம் அந்த வரியில் இருந்தால் யாரோ உள்ளே வந்து போயிருக்கிறார்கள் என்று புரிந்துவிடும். கூகுள் இந்த வசதியை ஜிமெயிலில் தந்தது ஜூலை 2008ல். சந்தேகத்திற்குரிய நுழைவு இருந்தால் தானாகவே எச்சரிக்கும் வசதியை 2010 மார்ச்சில் சேர்த்தது. பின்னர் பேஸ்புக், மைக்ரோசாப்ட் என ஏறத்தாழ எல்லோரும் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’, டெலிகிராமில் ‘டிவைசஸ்’ என்பவை இதன் தம்பிகள்.

அட்டவணையைப் படிப்பது எப்படி?

முதல்முறை பார்ப்பவர்கள் பெரும்பாலும் பயந்துவிடுகிறார்கள். மதுரையில் உட்கார்ந்து மெயில் பார்த்தவருக்கு அட்டவணையில் கர்நாடகா என்றோ மகாராஷ்டிரா என்றோ வருகிறது. உடனே அக்கவுண்ட்டை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பதறுகிறார்கள்.

பதற வேண்டாம். ஐ.பி. முகவரி என்பது உங்கள் வீட்டுக் கதவு எண் அல்ல. மொபைல் இன்டர்நெட்டில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐ.பி. முகவரியைப் பகிர்ந்து கொள்கிறார்கள். இந்த முறைக்காகவே 100.64 என்று தொடங்கும் முகவரிகளில் ஒரு தொகுதியை 2012ல் தனியாக ஒதுக்கினார்கள். உங்கள் போன் மதுரையில் இருந்தாலும், அதன் டிராபிக் வெளி உலகிற்குச் செல்லும் வாசல் வேறு ஊரில் இருக்கலாம். அட்டவணையில் தெரிவது அந்த வாசலின் ஊர். ஆபீஸில் வி.பி.என். பயன்படுத்தினால் ஊர் மட்டுமல்ல, நாடே மாறித் தெரியும்.

ஐ.பி. முகவரியை வைத்து இடத்தைச் சொல்லும் டேட்டாபேஸ்கள் எந்த அளவிற்குத் தவறலாம் என்பதற்கு அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள ஒரு பண்ணை வீடு சாட்சி. மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், ‘இந்த முகவரி அமெரிக்காவில் இருக்கிறது, அதற்கு மேல் தெரியாது’ என்ற நிலையில் நாட்டின் நடுப் பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்து வைத்திருந்தது. அந்தப் புள்ளி இந்தப் பண்ணையில் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐ.பி. முகவரிகளின் ‘இருப்பிடம்’ அந்த ஒரே வீடு. திருட்டு, மோசடி என்று எதைத் துப்பறிந்தாலும் போலீசாரும் பாதிக்கப்பட்டவர்களும் ஆண்டுக்கணக்கில் அங்கே போய் நின்றிருக்கிறார்கள். 2016ல் பத்திரிகைகளில் இந்தச் செய்தி வந்த பிறகுதான் அந்தப் புள்ளியை ஒரு ஏரியின் நடுவே நகர்த்தினார்கள்!

எனவே ஊரின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நேரத்தைப் பாருங்கள். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்து கொண்டிருந்தீர்கள்? பயன்படுத்திய வழியைப் பாருங்கள். நீங்கள் அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற புரோகிராம் எதையும் பயன்படுத்தாத போது ஐமேப் என்று ஒரு வரி இருந்தால் அது விசாரிக்க வேண்டிய விஷயம். உங்களிடம் இருப்பது ஆண்ட்ராய்டு போன். சாதனங்களின் பட்டியலிலோ ஒரு ஐபோன். இதற்கு ஐ.பி. முகவரி ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டின் ‘ரீசன்ட் ஆக்டிவிட்டி’ பக்கம் கடந்த 30 நாட்களைக் காட்டுகிறது. வெற்றி பெற்ற நுழைவுகளுடன், முயன்று தோற்றவையும் அதில் இருக்கும். பெயர்கூடச் சரியாக உச்சரிக்க வராத நாடுகளிலிருந்து நாளுக்கு நாலு முயற்சிகள் என்று பார்க்கும்போது வயிறு கலங்கும். உண்மையில் அது உங்கள் பூட்டு வேலை செய்கிறது என்பதன் அடையாளம். திருடிச் சேர்த்த பாஸ்வேர்ட் பட்டியல்களை வைத்து, புரோகிராம்கள் கண்ணை மூடிக் கொண்டு முயன்று பார்க்கின்றன. அந்த பாஸ்வேர்டை வேறு எங்கும் பயன்படுத்தாமல், இரண்டடுக்குப் பாதுகாப்பையும் இயக்கி வைத்திருந்தால் கவலை இல்லை.

அட்டவணையில் சிக்காதவை

எல்லாம் சரியாக இருக்கிறது என்று அட்டவணை சொன்னாலும் முழுவதும் நம்பிவிட முடியாது. ஒருமுறை உள்ளே வந்தவர், உங்களுக்கு வரும் மெயில்கள் எல்லாம் தனக்கும் ஒரு காப்பி வரும்படி பார்வர்டிங் அமைத்துவிட்டுப் போய்விடலாம். அதன் பிறகு அவர் லாக் இன் செய்யவே தேவையில்லை. அட்டவணையும் சுத்தமாக இருக்கும். எனவே ஜிமெயில் செட்டிங்ஸில் பார்வர்டிங் என்ற டேபையும், பில்டர்களையும் திறந்து பார்த்திட வேண்டும். உங்கள் மெயிலைப் படிக்க நீங்களே என்றோ அனுமதி கொடுத்த பிற அப்ளிகேஷன்களின் பட்டியலும் கூகுள் அக்கவுண்ட்டின் பாதுகாப்புப் பக்கத்தில் இருக்கிறது. அதையும் ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று குக்கி திருட்டு. நீங்கள் ஒருமுறை பாஸ்வேர்ட் கொடுத்த பின், உங்களை அடையாளம் காண பிரவுசரில் ஒரு குக்கி வைக்கப்படுகிறது. அதைத் திருடியவருக்கு பாஸ்வேர்டே தேவையில்லை. யாஹூ நிறுவனத்தின் சர்வர்களுக்குள் நுழைந்தவர்கள் ஒருபடி மேலே போய், இப்படிப்பட்ட குக்கிகளைத் தாங்களே போலியாகத் தயாரித்தார்கள். 2015, 2016 ஆண்டுகளில் சுமார் 3 கோடியே 20 லட்சம் அக்கவுண்ட்கள் இதற்கு இலக்காகியிருக்கலாம் என்று 2017ல் யாஹூ தெரிவித்தது. சாதனத்தின் பெயரையும் முழுமையாக நம்பக் கூடாது. நுழையும் பிரவுசர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறதோ, அதைத்தான் பெரும்பாலும் அட்டவணையில் எழுதுகிறார்கள். திருடன் தன் கம்ப்யூட்டரை உங்கள் போனைப் போலவே காட்டிக் கொள்ள முடியும் என்று கார்னெல் டெக் ஆய்வாளர்கள் 2023ல் நிரூபித்துக் காட்டினார்கள்.

சரி, இத்தனை ஓட்டைகள் இருந்தால் எதற்கு இது? நம் வீடுகளில் நடப்பதில் பெரும்பாலானவை இவ்வளவு திறமையான வேலைகள் அல்ல. பிரவுசிங் சென்டரிலோ, பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரிலோ லாக் அவுட் செய்ய மறந்தது, விற்ற போனில் அக்கவுண்ட் அப்படியே இருப்பது, பாஸ்வேர்ட் தெரிந்த ஒருவர் எட்டிப் பார்ப்பது. இவை அத்தனையும் அட்டவணையில் சிக்கிக் கொள்ளும்.

நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதும் இதில் இருக்கிறது

இதுவரை திருடனைப் பிடிக்கும் கருவியாக மட்டும் பார்த்தோம். அதே அட்டவணையை இன்னொரு கோணத்தில் பாருங்கள். காலையில் எத்தனை மணிக்கு முதல் வரி, இரவில் எத்தனை மணிக்குக் கடைசி வரி, வார நாட்களில் எந்த இணைப்பு, ஞாயிற்றுக்கிழமை எந்த ஊர். மெயிலில் ஒரு எழுத்தைக்கூடப் படிக்காமல், ஒருவர் எப்போது விழிக்கிறார், எங்கே வேலை செய்கிறார், எப்போது ஊருக்குப் போனார் என்று சொல்லிவிடலாம்.

இது கற்பனை அல்ல. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் தலைவர் டேவிட் பெட்ரேயஸ் 2012 நவம்பரில் பதவி விலகினார். காரணம், தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பெண்மணியுடன் அவருக்கு இருந்த ரகசிய உறவு. இருவரும் ஒரே மெயில் அக்கவுண்ட்டைப் பகிர்ந்து, எழுதியதை அனுப்பாமல் டிராப்ட் போல்டரிலேயே விட்டு, மற்றவர் திறந்து படிப்பது என்ற உத்தியைக் கையாண்டார்கள். மெயில் அனுப்பினால்தானே தடயம் இருக்கும் என்ற எண்ணம். மாட்டியது வேறு வழியில். வேறொரு பெண்ணுக்குப் பெயர் இல்லாமல் மிரட்டல் மெயில்கள் வந்தன. அவர் புகார் செய்ய, எப்.பி.ஐ. அந்த மெயில் அக்கவுண்ட் திறக்கப்பட்ட இடங்களை எடுத்துப் பார்த்தது. பல ஊர்களில் உள்ள ஹோட்டல்களின் இன்டர்நெட் இணைப்புகள் வந்தன. அந்தந்த நாட்களில் அந்த ஹோட்டல்களில் தங்கியவர்களின் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்ததில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தது. உளவுத் துறைத் தலைவருக்கே இந்த கதி என்றால் நாம் எந்த மூலை?

இந்த வழக்கில் மிரட்டியவரைக் கண்டுபிடிக்க லாக் இன் ஹிஸ்டரி உதவியது என்றும் சொல்லலாம். தனிப்பட்ட உறவு ஒன்றை ஊர் அறியச் செய்தது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. இரண்டையும் செய்தது அதே பதிவுகள்.

போலீசாரையும் நிறுவனங்களையும் விடுங்கள். என்னை அதிகம் யோசிக்க வைப்பது வீட்டிற்குள் உள்ள பிரச்னை. நம் ஊரில் ஒரு புதிய ஸ்மார்ட் போன் வாங்கினால், ஜிமெயில் அக்கவுண்ட்டை யார் திறந்து கொடுக்கிறார்கள்? பெரும்பாலும் கடைக்காரர், இல்லையென்றால் கணவர், அண்ணன், பக்கத்து வீட்டுத் தம்பி. பாஸ்வேர்ட் அவர்களுக்குத் தெரியும். ரெகவரி நம்பர்கூட அவர்களுடையதாக இருக்கும். குடும்பம் சுமுகமாக இருக்கும் வரை இதில் யாரும் தவறு காண்பதில்லை. ஒரு பெண் கணவரின் கொடுமை தாங்காமல் வேறு ஊருக்குப் போய், உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்குகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். போன் அதே போன், அக்கவுண்ட் அதே அக்கவுண்ட். கணவர் தன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த அக்கவுண்ட்டைத் திறந்தால், அவருக்கும் அதே அட்டவணை கிடைக்கும். உரிமையாளருக்குத் திருடனைக் காட்டுவதற்காக வைத்த கண்ணாடி, உள்ளே வந்தவனுக்கு உரிமையாளரைக் காட்டுகிறது. பாஸ்வேர்ட் சரியாக இருக்கும் வரை, யார் உரிமையாளர் என்று சர்வருக்குத் தெரியாது.

இந்த நிலைமையில் இருப்பவருக்கு, ‘சந்தேகமான சாதனத்தை உடனே நீக்குங்கள்’ என்ற வழக்கமான அறிவுரை ஆபத்தாகவும் முடியலாம். நீக்கியதும் அந்தப் பக்கம் தெரிந்துவிடும், கோபம் கூடும். முதலில் அவர் கை படாத வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ புதிய அக்கவுண்ட் ஒன்றைத் திறந்து, முக்கியமான தொடர்புகளையும் பேங்க் விவரங்களையும் அதற்கு மாற்றிக் கொண்டு, பழையதைப் பிறகு கவனிப்பதே நல்லது. அந்தப் பட்டியலை மறக்காமல் ஸ்கிரீன் ஷாட் எடுத்து வைத்துக் கொள்ள வேண்டும். அடுத்தடுத்த நுழைவுகள் வர வர, பழைய வரிகள் கண்ணில் இருந்து மறைந்துவிடும். பெண்களுக்கான உதவி எண் 181.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

எங்கள் டீமில் ஒரு ஆன்லைன் சேவைக்காக இப்படிப்பட்ட பக்கம் ஒன்றை உருவாக்கும் வேலை வந்தது. ஒரு வாரம் சண்டை போட்டோம். பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்தவர் ஓர் ஆண்டிற்கான பதிவுகள் வேண்டும் என்றார். அவர் சொன்ன காரணம் நியாயமானது. உள்ளே வந்தவன் உடனே எதையும் செய்வதில்லை. மாதக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுத்தான் வேலையைக் காட்டுவான். அப்போது திரும்பிப் பார்க்கப் பதிவு இல்லையென்றால், எப்படி வந்தான் என்றே தெரியாது. நானோ, எதைச் சேர்த்து வைக்கிறோமோ அது ஒருநாள் திருடு போகும் என்ற கட்சி. வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து வந்தவருக்கு மேப்பில் சிவப்புப் புள்ளி வைத்துக் காட்டினால் அழகாக இருக்கும் என்று ஆசை. கான்சாஸ் பண்ணைக் கதையைச் சொன்ன பிறகு அந்த ஆசையை விட்டுவிட்டார்.

கடைசியில், பயனாளருக்கு 30 நாட்கள் மட்டும், நகரத்தின் பெயருடன் காட்டுவது என்று முடிவானது. முழு ஐ.பி. முகவரியைச் சட்டம் கேட்கும் காலம் வரை சர்வரில் தனியாகப் பூட்டி வைத்து, பிறகு அதன் கடைசி எண்ணை நீக்கிவிடுவது. அதாவது 203.0.113.45 என்பது 203.0.113.0 ஆகிவிடும். எந்த நிறுவனத்தின் இணைப்பு, ஏறத்தாழ எந்தப் பகுதி என்பது தெரியும். எந்த இணைப்பு என்பது தெரியாது. கூகுளும் தன் சர்ச் பதிவுகளில் ஐ.பி. முகவரிகளை மங்கலாக்குவதற்கான காலத்தை 2008ல் 18 மாதங்களிலிருந்து 9 மாதங்களாகக் குறைத்தது. ஐரோப்பிய அதிகாரிகள் கொடுத்த நெருக்கடி இல்லாமல் அது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

அதே ஐரோப்பாவில்தான், தொலைத் தொடர்பு நிறுவனங்கள் வாடிக்கையாளர்களின் போன், இன்டர்நெட் தொடர்புப் பதிவுகளை 6 மாதம் முதல் 2 ஆண்டுகள் வரை வைத்திருக்க வேண்டும் என்று 2006ல் விதி கொண்டு வந்தார்கள். குற்றம் எதுவும் செய்யாத எல்லோரையும் கண்காணிப்பது சரியல்ல என்று 2014 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

இந்தியாவில் காற்று எதிர்த் திசையில் வீசுகிறது. 2011ல் பிரவுசிங் சென்டர்களுக்கு வந்த விதிகளின்படி, அடையாள அட்டை பார்க்காமல் யாரையும் கம்ப்யூட்டரில் உட்கார விடக் கூடாது. அவர்கள் பார்த்த தளங்களின் பதிவை ஓர் ஆண்டு வைத்திருக்க வேண்டும். 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் சிஸ்டம் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இதை ஏற்க மறுத்து நார்ட் வி.பி.என்., எக்ஸ்பிரஸ் வி.பி.என். போன்றவை அந்த ஆண்டே தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துவிட்டன. தனிமை என்பது அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட்டில் சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்த நாடும் இதுதான்.

180 நாட்கள் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மெதுவாக நடக்கும் திருட்டைக் கண்டுபிடிக்க அவ்வளவு காலம் வேண்டும். ஆனால் வைத்திருப்பதற்குக் கீழ் எல்லை சொன்ன அந்த உத்தரவு, இத்தனை நாட்களுக்குள் அழித்துவிட வேண்டும் என்று மேல் எல்லை எதையும் சொல்லவில்லை. ஹார்ட் டிஸ்க் விலை குறைவாக இருக்கும்போது, யாரும் கேட்காமல் எந்த நிறுவனமும் எதையும் அழிப்பதில்லை. இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

நிறுவனம் வைத்திருப்பதை நாம் கட்டுப்படுத்த முடியாது. நம் பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்பதைக் கட்டுப்படுத்தலாம். இந்த வாரம் வீட்டில் அம்மா, அப்பா போன்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் செட்டிங்ஸில் கூகுள் பிரிவுக்குச் சென்று, பாதுகாப்புப் பகுதியில் ‘யுவர் டிவைசஸ்’ பட்டியலைப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எக்ஸ்சேஞ்சில் கொடுத்த போன் இன்னும் அதில் இருந்தால், அதனைத் தேர்ந்தெடுத்து ‘சைன் அவுட்’ கொடுங்கள். ரெகவரி போன், ரெகவரி இமெயில் இரண்டும் யாருடையவை என்று பாருங்கள். கடைக்காரர் நம்பராக இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு, அதன் பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். வரிசையை மாற்றிச் செய்தால், பழைய நம்பர் வைத்திருப்பவர் புதிய பாஸ்வேர்டையும் ரீசெட் செய்துவிட முடியும். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ திறந்து பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. அதில் உங்களுக்குத் தெரியாத பிரவுசர் இருந்தால் அதைத் தொட்டு லாக் அவுட் செய்திடுங்கள். அக்கவுண்ட் மூலம் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.